கானா போகும் முன் ஊட்டியைக் கேளுங்கள்

‘வெள்ளையரின் கல்லறை’ என்றுதான் மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஐரோப்பியர்கள் அழைத்தார்கள். 1841-இல் நைஜர் ஆற்றில் ஏறிய பிரிட்டிஷ் குழுவில் காய்ச்சல் பலரைக் கொன்றது. 1854-இல் அதே ஆற்றில் போன வில்லியம் பைக்கி, ஆட்களுக்குத் தினமும் மலேரியா மருந்தான குயினைன் கொடுத்தார். ஒருவரும் காய்ச்சலில் சாகவில்லை.

குயினைனுக்கு மூலம் ஆண்டீஸ் மலையின் சின்கோனா மரப்பட்டை. அதைச் சொந்தமாக விளைவிக்க பிரிட்டன் துடித்தது. அதற்காகவே கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் தென்னமெரிக்காவிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் திரட்டினார். ஊட்டி அரசுத் தோட்டத்தின் வில்லியம் மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத்தில் காடு திருத்தியவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. பட்டை லண்டன் ஏலத்துக்கும் போனது.

இன்று அந்த மலைச்சரிவுகளில் தேயிலை.

அதே மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கானாவுக்கு இன்று ஊட்டியிலிருந்து செல்பவருக்கு முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட 10 நாள் கழித்தே தடுப்பூசிச் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடி. அந்தத் தடுப்பூசியின் மூல வைரஸ் 1927-இல் கானாவிலேயே, அசிபி என்ற நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் பயணிகள் கிளம்புவதில்லை. மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும்.