இரவின் சாட்சி

பகல் முழுதும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலைப் புரட்டிப் போட்டுவிட்டு, இரவில் திண்ணையில் சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை விடத் தொடங்கும் மனிதனை, 'உழைத்த உடம்பு, அயர்ந்து தூங்குகிறது' என்று பரிவோடு சொல்லும் வழக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாடெங்கும் உள்ளதே. அந்தக் குறட்டை திடீரென்று நின்று, மார்பு மட்டும் எழும்பித் தாழ, மூச்சு உள்ளே புகாமல் பத்து இருபது விநாடிகள் கழிந்து, பெருந்திணறலோடு மீண்டும் தொடங்குவதைப் பக்கத்தில் படுத்த மனைவி கண்டிருப்பாள். வைத்தியரிடம் அதைச் சொல்லும்படி அவளை யாரும் கேட்டதில்லை. இருதயத் துடிப்பு தடுமாறுகிறவர்களிடம் உறக்கத்து மூச்சடைப்பைத் தேடிப் பார்க்கும் வழக்கத்தின் சரித்திரம், என் கருத்தில், அவளுடைய வாய்மொழிக்கு மதிப்பு வந்த சரித்திரமே.

அந்த மதிப்பு வர, அவ்வட்டாரத்தை அடுத்த வேலூரும் நெடுநாள் காத்திருந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார், பிரசவ வேதனையில் கிடந்த தம் மனைவியருக்காக உதவி தேடி வந்து, ஆண் வைத்தியரை ஏற்க மனமின்றித் திரும்பிப் போக, அம்மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்தனர். அதைக் கண்டு மனம் மாறி வைத்தியம் பயின்ற ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் எழுந்து, இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தன.

அந்நாளில் தாறுமாறாகத் துடிக்கும் நாடி என்றாலே, வைத்தியர்கள் முதலில் சந்தேகித்தது கீல்வாதக் காய்ச்சலைத்தான். பிள்ளைப் பிராயத்தில் தொண்டைப் புண்ணாக வந்து, மூட்டுகளை வாட்டி, இருதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போகும் அக்காய்ச்சல், பிற்காலத்தில் மேலறையை வீங்கச் செய்து, சீராகச் சுருங்க வேண்டிய அதை வெறுமனே நடுங்க வைத்தது. ஒருவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இருதயத்தை எண்ண, இன்னொருவர் அதே கடிகாரத்தைப் பார்த்து மணிக்கட்டில் நாடியை எண்ணுவார். இருதயம் நூற்றிருபது என்றால் நாடி தொண்ணூறுதான் சொல்லும். எண்ணில் விழாத அந்த முப்பது துடிப்புகள் மணிக்கட்டை எட்டாமலே வீணானவை. வேலூரைச் சுற்றிய கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1981-இல் வெளியிட்ட கணக்கில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐவரிடம் காணப்பட்ட, அக்காய்ச்சலால் வந்த இருதயக் கோளாறு, 2001-02-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாயிற்று. பழைய காரணம் தேயத் தேய, இரத்தக் கொதிப்பும் உடற்பருமனும் உறக்கமும் கவனத்துக்கு வந்தன.

கும்பகர்ணனை நாம் அறிவோம். ஆங்கிலேயருக்கோ, 1836-37-இல் டிக்கன்ஸ் படைத்த, நின்ற இடத்திலேயே உறங்கிவிடும் பருத்த பையன் ஜோ. 1956-இல் அமெரிக்க வைத்தியர்கள், கையில் வெல்லும் சீட்டுகள் இருந்தும் ஆட்டத்தின் நடுவே உறங்கிப் போன ஒருவரைப் பற்றி எழுதி, ஜோ இடம்பெற்ற நாவலின் பெயரையே அந்த வியாதிக்குச் சூட்டினர். ஆயினும் உறக்கத்தில் தொண்டை அடைபடுகிறது என்பதைக் கண்டது 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும்தான். 1981-இல் சிட்னியில் காலின் சலிவன், மூக்கின் வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியை அறிமுகம் செய்தார்.

அடைபட்ட தொண்டையை எதிர்த்து மார்பு இழுக்கும்போது மெல்லிய மேலறைச் சுவர் விரிகிறது. பிராணவாயு குறைந்து, நரம்புகள் கிளர்ந்து, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவு தோறும் பல முறை நிகழும் இத்தாக்குதலை அந்தச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? மின்னதிர்ச்சியால் துடிப்பைச் சீர்செய்துகொண்டவர்களுள், மூச்சடைப்புக்குச் சிகிச்சை பெறாதோரில் 82 சதவீதத்தினருக்கும் பெற்றோரில் 42 சதவீதத்தினருக்கும் ஓராண்டில் தடுமாற்றம் திரும்பியதாக 2003-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறிற்று. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய பிற்காலச் சோதனைகள் அத்தனை தெளிவான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; எனவே 2023-இன் அமெரிக்க நெறிமுறை, தேடிப் பார்ப்பது தகுந்ததாக இருக்கலாம் என்று அளவாகவே மொழிந்தது.

தேடும் முறை எளியது. 2008-இல் கனடாவில் வகுத்த எட்டுக் கேள்விகளுள், 'மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்தார்களா?' என்பதும் ஒன்று. இஞ்ச் டேப்பால் கழுத்தை அளந்து 40 சென்டிமீட்டரைக் கடந்தால் ஒரு மதிப்பெண். ஆனால் மேலறை நடுக்கம் உள்ளவர் பலருக்குப் பகலில் தூக்கக் கலக்கமே தெரிவதில்லையாதலால், கேள்விகள் அவர்களைத் தவறவிடும். விரலிலும் மூக்கிலும் கருவியை மாட்டி ஓர் இரவு முழுதும் பதிவு செய்தால்தான் உண்மை புலப்படும்.

அந்த எட்டில் ஆணாயிருப்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு; பெண்ணுக்கு அது கிட்டாது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1973-இல் அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகு பெருகிய ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின்முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் படுத்து, யாரும் எழுமுன் எழுந்து, கம்பெனி வேனுக்கு ஓடும் அப்படி ஒருத்தியின் மூச்சு நடுநிசியில் நின்றால், அதைக் கண்டு சொல்ல விழித்திருப்பவர் எவருமில்லை.