வெறுங்கண்ணால் வானோக்குதல்

தொலைநோக்கி முதலிய கருவிகளின் துணையை நாடாமல், கண்ணையே சாதனமாகக் கொண்டு, இரவு வானத்தில் தோன்றும் நட்சத்திரங்களையும் கிரகங்களையும் இனங்கண்டு, அவற்றின் உதயாஸ்தமனங்களையும் இடப்பெயர்ச்சியையும் தொடர்ந்து கவனித்துவரும் பயிற்சி. 1609-ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பும்வரை, வானசாஸ்திரம் என்ற பெயரால் வழங்கிய அறிவு முழுவதும், கெப்ளருக்குப் பயன்பட்ட டைக்கோ பிராகியின் நுட்பமான அளவைகள் உட்பட, இவ்வழியாகவே கிடைத்ததாகும். இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவன இருண்ட இடமும், பொறுமையும், எதை எங்கே தேடுவதென்று காட்டும் ஒரு வழிகாட்டியுமே. அவ்வழிகாட்டி தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. நாட்காட்டியில் அச்சிட்டுள்ள பௌர்ணமித் திருநாட்களை முறையாகப் படிப்பவருக்கு, அவையே சந்திரன் செல்லும் பாதையின் வரைபடமாகும். இம்முறை, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரை நோக்குமிடமாகக் கொண்டு, இங்கே விளக்கப்படுகிறது.

இடத்தின் சிறப்பு: குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமான கீரனூர், திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், வட அட்சம் ஏறக்குறைய 10½ பாகையில் அமைந்துள்ளது. ஓரிடத்தின் அட்சம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு உயரத்திலேயே துருவ நட்சத்திரம் அங்குத் தோன்றுமாதலால், இவ்வூரில் அது வடக்கு அடிவானத்துக்கு மேலே பத்துப் பதினொரு பாகையில், மரக்கிளைகளுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் மறைந்துபோகும் அளவு தாழ்ந்து நிற்கிறது. வடக்கில் நேரும் இக்குறை தெற்கில் ஈடாகிவிடுகிறது. தென்துருவத்தைச் சூழ்ந்த ஒரு சிறு வட்டத்தைத் தவிர, வான மண்டலம் முழுவதும் ஆண்டில் ஒருமுறையேனும் கீரனூரார் கண்ணுக்குப் புலப்படுகிறது. என்றும் உதிக்காத பகுதி நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. பிரகாசத்தில் முதல் தரத்தைச் சேர்ந்தவை என்று மரபாகக் கணக்கிடப்படும் 21 நட்சத்திரங்களும் இங்கே உதிக்கின்றன. இலண்டனில் வாழ்பவருக்கு இப்பாக்கியம் இல்லை.

திருச்சிராப்பள்ளியின் விளக்கொளி வடக்கு அடிவானத்தை வெளுக்கச் செய்யக்கூடுமாதலால், ஊருக்குத் தெற்கே, தெருவிளக்குகள் நேரே கண்ணில் படாத ஒரு கண்மாய்க்கரையையோ களத்துமேட்டையோ தேர்ந்துகொள்வது நன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் வானத்தை அடிக்கடி மூடிவிடும். தை முதல் வைகாசி வரையிலான காலமே தொடங்குவோருக்கு உகந்தது.

கண்ணும் கையும்: வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிஷம் வரை ஆகும், அதற்கிடையே ஒரு கணம் செல்பேசியைப் பார்த்துவிட்டாலும் அப்பழக்கம் குலைந்துவிடும். ஆகவே, வழிநடைக்கும் பூச்சிபொட்டு பார்ப்பதற்கும் அவசியமான டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்வது வழக்கம். மிக மங்கலான ஒளியை நேரே பார்ப்பதைவிடச் சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதனைச் சூழ்ந்தே மிகுந்திருப்பது இதற்குக் காரணம்.

கோணத்தை அளக்கக் கையே போதும். முழங்கை மடங்காமல் நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. மூடிய முஷ்டி பத்துப் பாகை. விரித்த சாண் ஏறக்குறைய இருபது பாகை. கீரனூரில் நின்று, வடக்கு அடிவானத்தின்மீது ஒரு முஷ்டியை வைத்தால், அதன் மேல் விளிம்பை ஒட்டித் துருவம் நிற்பதைக் காணலாம். பூர்ண சந்திரன் வானத்தில் அரைப் பாகையே அகலமுடையது. எனவே, நீட்டிய சுண்டுவிரல் அதனை முற்றும் மறைத்துவிடும்.

பௌர்ணமி முறை: சந்திரன் நட்சத்திரங்களினிடையே நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை கிழக்கு நோக்கி நகர்ந்து, 27 நாளும் சில மணியுமாக ஒரு சுற்றை முடிக்கிறான். அந்த 27 நாட்களின் தங்குமிடங்களே அசுவினி முதல் ரேவதி வரையிலான நட்சத்திரங்கள். ஒரு மாதத்தின் பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிகழ்கிறதோ பெரும்பாலும் அதனைக் கொண்டே அம்மாதம் பெயர் பெற்றது என்பதை அறிந்தால், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம் ஆகியவை வரிசையாக வானத்தின் மைல்கற்களாகிவிடும்.

சித்திரா பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும் சந்திரனுக்கு அருகில், அதன் ஒளியிலும் அழிந்துவிடாமல், நீலம் பாய்ந்த வெண்மையோடு மின்னும் ஒற்றை நட்சத்திரமே சித்திரை. அன்றைக்கு அதன் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் சென்று அமாவாசையை ஒட்டி அதே நேரத்தில் மீண்டும் பார்த்தால், சந்திரன் இல்லாத வானத்தில் அது ஒன்றரை முஷ்டி உயரம் ஏறியிருக்கும். நட்சத்திரங்கள் நாள்தோறும் நான்கு நிமிஷம் முந்தி உதிக்கின்றன என்ற உண்மை இவ்வாறு அனுபவத்தில் விளங்குகிறது. மாசி மகத்தில் சிம்ம ராசியின் மகத்தையும், திருக்கார்த்திகையில் சாதாரணக் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டத்தையும் இம்முறையில் அடையாளம் காணலாம்.

எல்லா நட்சத்திரங்களும் சந்திரனுடைய பாதையிலேயே கிடப்பனவல்ல என்பதை மறத்தலாகாது. மகம், சித்திரை, கேட்டை, உரோகிணி ஆகியவை பாதையை ஒட்டியுள்ளன. செந்நிறமுடைய திருவாதிரையோ பாதைக்கு ஒன்றரை முஷ்டி தெற்கே விலகியிருக்கிறது. சுவாதியும் திருவோணமும் முப்பது பாகை அளவு வடக்கே உள்ளன. தைப்பூசத்துக்குரிய பூசம் கடக ராசியின் மங்கிய மீன்களில் ஒன்றாதலால், பௌர்ணமி நிலவில் அது தெரியவே தெரியாது; அமாவாசைக் காலத்தில்தான் தேட வேண்டும்.

பருவ வானம்: மாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நின்றால், வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமாகிய சிரியஸ் உயரத்திலும், அதற்கு நேர்கீழே, அடிவானத்திலிருந்து 27 பாகையில், பிரகாசத்தில் இரண்டாவதான அகத்தியமும் விளங்கும். தில்லியில் ஒரு முஷ்டி உயரத்தைக்கூட எட்டாத அகத்தியம், தெற்கே வரவர உயர்ந்து தோன்றுவதைக் காணும்போது, தென்திசைக்கு வந்த முனிவரின் பெயர் அதற்கு அமைந்தது பொருத்தமாகவே படுகிறது.

வைகாசியின் முற்பகுதியில் அதே ஒன்பது மணிக்கு வானத்தின் இரு கோடிகளும் ஒருங்கே காட்சி தருகின்றன. தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் திரிசங்கு எனப்படும் தென்சிலுவை நிமிர்ந்து நிற்க, வடக்கே சப்தரிஷி மண்டலம் கவிந்திருக்கும். அதன் வாலை வளைவாகவே நீட்டிக்கொண்டு சென்றால் உச்சிக்கு அருகே செம்மஞ்சள் நிறச் சுவாதியையும், மேலும் நீட்டினால் சித்திரையையும் அடையலாம். வாலின் இடையிலுள்ள வசிட்டரை உற்று நோக்கினால், ஒட்டியே மங்கலாக அருந்ததி தெரியும். கலியாணப் பந்தலில் மணமக்களுக்குப் பகலிலேயே சுட்டிக்காட்டப்படும் இந்நட்சத்திரத்தைத் தை மாதத்தில் காண விரும்புவோர் நள்ளிரவுக்குப் பிறகும் விழித்திருக்க வேண்டும். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் மணம் புரிந்தவர்கள் அன்றிரவே முன்னிரவில் பார்த்துவிடலாம்.

கிரகங்கள்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவன. இவை எப்பொழுதும் சந்திரனுடைய பாதையை ஒட்டியே காணப்படும். நட்சத்திரங்களைப் போல அவ்வளவாகக் கண்சிமிட்டுவதில்லை. நட்சத்திரம் வெறும் புள்ளியாதலால் காற்றின் அசைவு அதன் ஒளியை அலைக்கிறது. கிரகத்துக்குச் சிறிதேனும் வட்ட வடிவம் உண்டு. வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே அது விடியலிலோ அந்தியிலோ மட்டும் தோன்றுமேயன்றி நடுநிசியில் இங்குத் தோன்றாது.

பிரகாச அளவை: இருண்ட வானத்தில் ஆறாம் தரம் வரையிலான நட்சத்திரங்களைக் கண்ணால் காணலாம். முதல் தரம் ஆறாம் தரத்தைப்போல் நூறு மடங்கு பிரகாசமுடையது என்று இவ்வளவையை 1856-இல் வரையறுத்த நார்மன் போக்சன், 1861 முதல் சென்னை வானாய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர். அங்கே அவருடைய உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியால் கண்டுபிடித்தார். ஒளிமாற்றங்களுள் சில கண்ணுக்கே தெரிவன. 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020 பெப்ருவரி வரை திருவாதிரை உரோகிணியினும் மங்கியதைச் சாதாரண மக்களும் ஒப்பிட்டு அறிந்தனர். அந்நட்சத்திரம் வெளியேற்றிய பொருள் தூசியாகி ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் விளக்கப்பட்டது.

எச்சரிக்கையும் மேற்பயிற்சியும்: வெறுங்கண் என்னும் விதி சூரியனுக்குப் பொருந்தாது. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் காலை திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபொழுது செய்ததுபோல, தகுந்த சூரியக் கண்ணாடி வழியாகவோ, சிறு துளையால் திரையில் விழும் பிம்பமாகவோதான் கிரகணத்தைக் காண வேண்டும். மழைக்கால மாதங்களில், கீரனூரிலிருந்து செல்லும் அதே நெடுஞ்சாலையில், திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தருகே உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் பயிற்சி தடைப்படாமல் காக்க உதவும். தொலைநோக்கி வாங்க எண்ணுவோர், ஒரு முழு ஆண்டின் பௌர்ணமிகளை மேற்கூறிய முறையில் பின்பற்றிய பிறகு வாங்குவதே தக்கது; வானத்தில் வழி அறியாதவருக்கு, மிகச் சிறு பரப்பையே ஒரு நேரத்தில் காட்டும் அக்கருவியால் பயன் சிறிதே.