கணிப்புத் திண்ம விசையியல்: ஜொகூர்

கணிப்புத் திண்ம விசையியல் என்பது சுமை, வெப்பம், அதிர்வு ஆகியவற்றால் ஒரு திடப்பொருள் எவ்வளவு வளையும், எங்கே விரிசல் விடும், எப்போது முறியும் என்பதைக் கணினியில் கணக்கிடும் பொறியியல் துறை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இத்துறையின் பெயரிலேயே ஓர் ஆய்வகம் இயங்கியது. அதை வழிநடத்தியவர் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் முகமட் நாசிர் தாமின்.

இத்துறையின் அடிப்படை உத்தி எளியது. சிக்கலான உருவம் கொண்ட ஒரு பொருளை முழுதாக வைத்துக் கணக்குப் போட முடியாது. எனவே அதைச் சிறு சிறு கூறுகளாக மனத்தளவில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பது. விமான இறக்கையின் விறைப்பை இவ்வாறு கணக்கிடும் வழியைச் சொல்லும் கட்டுரையை 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் வெளியிட்டனர். இதற்கு ‘வரம்புறு கூறு முறை’ என்ற பொருளில் பெயரிட்டவர் அவர்களுள் ஒருவரான ரே கிளஃப், ஆண்டு 1960. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் எஃப்.இ.எம். என்ற மூன்றெழுத்தில் அறிவது இதைத்தான். சென்னை ஐஐடியின் சி.எஸ். கிருஷ்ணமூர்த்தியும் கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியின் எஸ். ராஜசேகரனும் இதற்குப் பாடநூல்கள் எழுதினார்கள்.

ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தின் வேர், கோலாலம்பூரில் 1904-இல் தொடங்கிய தொழில்நுட்ப வகுப்பு வரை போகிறது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் 1985-இல் திறக்கப்பட்டது.

தாமினின் தொடக்ககால ஆய்வு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஹமூதா கோனெமுடன் சேர்ந்து செய்தது. டைட்டானியத்துக்குள் சிலிக்கன் கார்பைடு இழைகளைப் பதித்த கலவைப்பொருளே அதன் களம். உலோகத்தில் விரிசல் ஓடும்போது இழைகள் உடனே அறுந்துவிடுவதில்லை. விரிசலின் இரு கரைகளையும் பாலம்போல் இழுத்துப் பிடிக்கின்றன. அந்தப் பிடி எத்தனை சுமைச் சுழற்சிகளுக்குத் தாங்கும் என்பது கேள்வி. பின்னாளில் ஜொகூரில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் வேறு. ஆனாலும் இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கும் இடம் எப்படி விட்டுப்போகிறது என்ற இந்தக் கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வி மிகச் சிறிய அளவில் எழும் இடம் சால்டர் இணைப்பு. பொற்கொல்லர் பற்றாசு என்பதும், ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் வைப்பது என்பதும் இதன் உறவினர்கள்தாம். பினாங்கில் இன்டெல் 1972-இல் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மின்னணுப் பொருள் கோப்பது மலேசியாவின் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஜொகூர் பாருவைச் சுற்றியும் அத்தகைய ஆலைகள் உண்டு. ஒரு சில்லுக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் இடையே நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் இருக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரியும். பலகையோ 17 பங்கு விரியும். பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ள சில்லில் நடுவிலிருந்து மூலைக்கு 7 மி.மீ. தூரம். சோதனை அறையில் வழக்கமாகச் செய்வதுபோல் மைனஸ் 40 டிகிரியிலிருந்து 125 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினால், மூலை உருண்டையின் தலையும் காலும் ஒன்றுக்கொன்று 16 மைக்ரான் விலகும். உருண்டையின் உயரம் 100 மைக்ரான் என்றால் அது சின்ன விலகல் அல்ல. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இது திரும்ப நடக்கும்.

சிக்கலை இன்னும் கூட்டியது ஒரு சட்டம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கும் வழங்குவதால் இங்கே ஒரு விளக்கம் தேவை: விலக்கப்பட்டது காரீயம், வெள்ளீயம் தங்கிவிட்டது. 183 டிகிரியில் உருகிய பழைய கலவையின் இடத்துக்கு வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த புதுக்கலவை வந்தது. அது உருகுவது 217 டிகிரி அளவில். பழைய கலவைக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருந்தது. புதியதற்கு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டியிருந்தது.

சால்டருக்குச் சாதாரண அறை வெப்பமே உருகுநிலைக்குப் பக்கம். கெல்வின் அளவில் பார்த்தால் அது உருகுநிலையின் 60 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால் சுமை கூடாமலே அது மெல்ல நெகிழ்ந்துகொண்டிருக்கும். இந்த நெகிழ்ச்சியைக் கணினிக்குச் சொல்ல உலகெங்கும் பயன்படுவது, எம்.ஐ.டி. பேராசிரியர் லலித் ஆனந்த் 1980-களில் உருவாக்கிய சமன்பாடுகள். அவர் அவற்றை எழுதியது சூடான உலோகத்தை அடித்து உருட்டும் தொழிலுக்காக. கைப்பேசிக்குள் அவை வந்து சேர்ந்தது தற்செயல் என்றே சொல்லலாம்.

உருண்டை நெகிழ்வதைக் கணக்கிடுவது பாதி வேலை. அது செம்புத் தகட்டோடு ஒட்டும் இடத்தில் நொறுங்கும் தன்மையுள்ள மெல்லிய உலோகச் சேர்மப் படலம் உருவாகிறது. கீழே விழும் கருவியில் பல நேரம் விட்டுப்போவது அந்த இடம்தான். தாமினின் குழு அங்கே ஒட்டுமண்டல மாதிரியைக் கையாண்டது. இரு பரப்புகளும் கண்ணுக்குத் தெரியாத பசையால் ஒட்டியிருப்பதாகக் கொண்டு, அந்தப் பசை எவ்வளவு இழுவைக்கு மேல் தளரும் என்று எழுதுவதே இதன் முறை. 1960-இல் டக்டேலும் 1962-இல் பரன்பிளாட்டும் முன்வைத்த கருத்து இது. பசையின் வலிமையைக் கணினி தானாகச் சொல்லாது. மாதிரித் துண்டுகளை இழுத்தும் முறித்தும் அளந்துதான் தர வேண்டும். இவ்வேலைகளின் வழிமுறையை நோர்ஹாஷிமா ஷாஃபியாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலை ஸ்பிரிங்கர் 2014-இல் வெளியிட்டது. சால்டர் இணைப்பு பற்றி நடைமுறையாளர் படிக்கத்தக்க நூல்களில் ஒன்று அது.



அதே ஒட்டுமண்டலக் கணக்கு கரியிழைக் கலவைத் தகடுகளுக்கும் பொருந்தியது. இத்தகட்டில் இழை அறுவதற்கு முன்பே அடுக்குகள் பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. கலவைப்பொருள்களின் சேதமும் முறிவும் பற்றித் தாமின் தொகுத்த நூல் 2012-இல் வந்தது. இத்தகைய தகடுகளைச் செய்யும் தொழிலும் அருகிலேயே உண்டு: ஜொகூருக்கு அடுத்த மலாக்காவின் பத்து பெரண்டாமில், ஏர்பஸ் ஏ320 விமான இறக்கைகளுக்கான கலவைப்பொருள் தகடுகள் தயாராகின்றன.