பாட்டி தந்த தைரியம், சமையலறை தந்த பலூன்!

1986-ம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தார் பிரதமர் ராஜீவ் காந்தி. எங்கேயோ இருந்த நட்சத்திரங்கள் மலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அதே வருடம் கீழே சென்னையில், அப்போலோ ஆஸ்பத்திரியில், நோயாளியின் இதய ரத்தக்குழாய்க்குள் ஒரு குட்டி பலூனை அனுப்பி அடைப்பை விலக்கினார் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி!

அதுவரை பெரிய அடைப்பு என்றால் மார்பைத் திறந்து 'பைபாஸ்' பண்ண வேண்டும். இந்தியாவில் அதை முதலில் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். 1975-ல், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். பைபாஸ் என்பது அடைத்த ரோட்டை விட்டுவிட்டுப் புது ரோடு போடுகிற வேலை. பலூன் வைத்தியமோ பழைய ரோட்டையே அகலப்படுத்துகிற வேலை.

இந்த யோசனைக்குப் பிள்ளையார் சுழி போட்டது, அமெரிக்காவின் போர்ட்லண்டில் 82 வயதுப் பாட்டி ஒருவரின் கால். ரத்தம் ஓடாமல் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. 'காலை எடுக்க வேண்டும்' என்றார்கள். பாட்டி மசியவில்லை. 1964 ஜனவரியில் டாக்டர் சார்லஸ் டாட்டர், தொடைக் குழாயின் அடைப்புக்குள் மெல்லிய குழாய்களை நுழைத்து வழி பண்ணினார். சாகும்வரை பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்!

அந்த நுணுக்கத்தை இதயத்துக்குக் கொண்டுபோனவர் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக். ஜூரிச்சில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பலூன் செய்தார் மனிதர். 1977 செப்டம்பரில் 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயில் அதை ஊதினார். ஜெயித்தார். ஆனால், சென்னையில் அது நடந்ததைக் கேட்க அவர் இல்லை. 1985-ல் தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்துபோனார்.

சரி, கருவி சின்னதாகிவிட்டது. தூரம்? மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். ஜவ்வாது மலைக் கிராமத்தில் நடுராத்திரி நெஞ்சு வலித்தால், பலூன் வைக்கும் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து இறங்கி, வேலூர் மாதிரி ஊருக்குத்தான் ஓட வேண்டும்.

இந்த இடைவெளிக்காகத்தான் 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மாத்திரை அடைப்பைத் திறக்காது. ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும். போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும்.

அந்த நேரத்தை நாம் வீணாக்காமல் இருக்க வேண்டுமே! 'வாயுதான்' என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, இடது கை வலி என்றால் உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். மலையில் இருந்தாலும் சரி, மயிலாப்பூரில் இருந்தாலும் சரி!