ஜொராசாங்கோவின் இரு வீடுகள்

கல்கத்தா மாநகரின் வடபகுதியிலே, பழைய சித்பூர் வீதியிலிருந்து பிரியும் துவாரகநாத் தாகூர் ஒழுங்கையில், செந்நிறச் சுவர்களும் பச்சை மரச் சாளரங்களும் கொண்ட மாளிகையொன்று நிற்கின்றது. கவியரசர் இரவீந்திரநாத தாகூர் பிறந்ததும் மறைந்ததும் அம் மாளிகையிலேயே. அவ்விடத்தின் பெயர் ஜொராசாங்கோ. வங்க மொழியில் 'ஜொரா' என்பது இணை. 'சாங்கோ' என்பது பாலம். முன்னாளில் அங்கே ஓடிய ஓடையொன்றின் மேல் இரண்டு பாலங்கள் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். பாலங்களைப் போலவே வீடும் ஒரு காலத்தில் இரண்டாக இருந்தது. தாகூர் வீடு என்றதும் நாம் எண்ணுவது ஒன்றைத்தான். மற்றதைப் பற்றியும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

பாதுரியாகாட்டாவிலே கூட்டாக வாழ்ந்த தாகூர் குடும்பத்தில் நீலமணி, தர்ப்பநாராயணர் என்ற சகோதரரிடையே சொத்துப் பிணக்கு ஏற்பட்டது. நீலமணி குலதெய்வமாகிய இலக்ஷ்மி ஜனார்த்தனரை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வைஷ்ணவதாஸ் சேட் என்ற வணிகர் அளித்த நிலத்தில் 1784ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த இல்லமே ஜொராசாங்கோ வீட்டின் தொடக்கம். அது ஒரே மூச்சிற் கட்டி முடித்த மாளிகையன்று. குடும்பம் பெருகப் பெருக அறையோடு அறை, கட்டோடு கட்டு என்று ஒட்டி வளர்ந்தது.

அமைப்பு நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு, நடுவே முற்றமும் சுற்றிவரத் தாழ்வாரமும் என்றால் விளங்கும். அதனையே இரண்டு மூன்று மாடிகளாக உயர்த்தி, ஒரு முற்றத்துக்குப் பதிலாகப் பல முற்றங்களை வைத்துப் பாருங்கள். ஆடவர் புழங்கும் வெளிக்கட்டு வேறு. பெண்டிர் வாழும் உட்கட்டு வேறு. வெளிமுற்றத்தை நோக்கி வளைவுகளோடு கூடிய பூசை மண்டபம் ஒன்று உண்டு. 'டாகூர் தாலான்' என அதனை அழைப்பர். துர்க்கை பூசை நடந்ததும், பிற்காலத்தில் நாடகங்கள் அரங்கேறியதும் இம் முற்றத்தைச் சூழ்ந்தே.

நீலமணியின் பேரர் துவாரகநாதர் (1794–1846) பெருஞ்செல்வர். வங்கி, கப்பல், நிலக்கரி, அவுரி என்று அவர் கைவைக்காத தொழில் குறைவு. ஆங்கிலேயரோடு சமமாக அமர்ந்து விருந்துண்டவர். அவர் துணைவியார் திகம்பரி தேவியோ ஆசாரம் மிக்க அம்மையார். கணவர் அந்நியரோடு உண்பதை அறிந்ததும் பண்டிதர்களைக் கேட்டு, பணிவிடை செய்வதை மட்டும் விடாது, அவரோடு கூடி வாழ்வதை நிறுத்திக்கொண்டார் என்றும், அவரோடு பேச நேர்ந்த போதெல்லாம் கங்கை நீரில் முழுகினார் என்றும் குடும்பத்தார் சொல்லிவந்தனர். விருந்துகளுக்கென்று துவாரகநாதர் பக்கத்திலேயே மற்றொரு மாளிகையை எழுப்பினார். பழைய வீடு 6ஆம் இலக்கம்; புதியது 5ஆம் இலக்கம். இரண்டாவது வீடு பிறந்ததற்கு ஒரு பெண்ணின் உறுதியும் காரணம் எனலாம்.

துவாரகநாதர் 1846இல் இலண்டனில் இறந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் தொடர்புடைய வங்கியும் வணிக நிறுவனமும் வீழ்ந்தன. கடன் முழுவதையும் தலைமேற் கொண்டு தீர்த்தவர் மூத்த மைந்தர் மகரிஷி தேவேந்திரநாதர். அவரோ 1843இல் பிரம சமாஜத்திற் சேர்ந்து உருவ வழிபாட்டை விட்டவர். துர்க்கை பூசை நாட்களில் வீட்டில் நில்லாமல் யாத்திரை போய்விடுவாராம். காலப்போக்கில் அவ்வீட்டில் பூசை நின்றது. தம்பி கிரீந்திரநாதரின் விதவை யோகமாயா தேவி குலதெய்வத்தை விட மனமின்றித் தம் மக்களோடு 5ஆம் இலக்க வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஆங்கிலேயர் விருந்துண்ணக் கட்டிய மண்டபத்துக்கு இலக்ஷ்மி ஜனார்த்தனர் எழுந்தருளினார். தெய்வம் இருந்த பழைய வீட்டில் உருவமற்ற பரம்பொருளைத் துதித்துப் பாடினர். இவ்வளவு விசித்திரமான இடமாற்றத்தை வேறெந்தக் குடும்ப வரலாற்றிலும் நாம் எளிதிற் காணோம்.

பழைய வீட்டில் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி இரவீந்திரர் பிறந்தார். வேலையாட்களின் காவலிலே வளர்ந்தவர். சியாம் என்ற வேலைக்காரன் சிறுவனைச் சுற்றிச் சோக்கினால் வட்டம் கீறி, அதைத் தாண்டலாகாது என்று எச்சரித்துவிட்டுப் போவானாம். இராமாயணத்தில் கோடு தாண்டிய சீதைக்கு நேர்ந்ததை அறிந்த பிள்ளை அசையாதிருந்து, சாளரத்தூடாகக் குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வீட்டுப் பெண்மணிகளை மறத்தலாகாது. 1863இல் ஐ.சி.எஸ். தேர்விலே தேறிய முதல் இந்தியர் சத்தியேந்திரநாதர். அவர் மனைவி ஞானதாநந்தினி தேவி உட்கட்டை விட்டு வெளியே வந்து, சேலை உடுத்தும் முறையிலேயே புதுமை செய்தார். மகரிஷியின் மகள் சுவர்ணகுமாரி தேவி நாவலாசிரியை. 'பாரதி' என்ற சஞ்சிகையைப் பல்லாண்டு நடத்தியவர். மொட்டை மாடியில் பூந்தோட்டம் அமைத்த காதம்பரி தேவி, இளைஞர் இரவீந்திரரின் கவிதைகளைக் கேட்டு அவற்றிற் குறை சொன்னவர். 1884இல் இளவயதிலேயே உயிர் நீத்தார்.

இனி மற்ற வீட்டுக்கு வருவோம். கிரீந்திரநாதரின் பேரர்களான ககனேந்திரர், சமரேந்திரர், அவனீந்திரர் மூவரும் அங்கு வாழ்ந்தனர். அவ்வீட்டின் தென்புற விறாந்தையில் மூவரும் அமர்ந்திருப்பர். அங்கேதான் வரைவு; அங்கேதான் வந்தோரை வரவேற்பு. பிள்ளைகள் காலடியில் விளையாடிக்கொண்டிருப்பர். அவனீந்திரரின் பாரதமாதா ஓவியமும் (1905), ககனேந்திரரின் கேலிச் சித்திரங்களும் அவ்வீட்டுக் கைகளிலிருந்து வந்தவை. யப்பானிய அறிஞர் ஒககுராவும் அவருக்குப் பின் யப்பானிய ஓவியர்களும் அங்கு வந்தனர். கொழும்பிலே பிறந்த நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அச்சகோதரரோடு நெருங்கிப் பழகியவர். இந்தியக் கலை தன் முகத்தைத் தானே மீண்டும் கண்ட இடங்களில் அவ்விறாந்தையும் ஒன்று.

இரு வீட்டாரும் மதத்தாற் பிரிந்தனரேயன்றி மனத்தாற் பிரியவில்லை. இரவீந்திரர் இவர்களுக்குச் சிறிய தகப்பன் முறை. அவனீந்திரரைச் சிறுவர்க்குக் கதை எழுதுமாறு தூண்டியவர் அவரே. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்த 1905 ஒக்டோபர் 16ஆந் திகதி இரவீந்திரர் வெறுங்காலோடு கங்கைக்கு நடந்து, வழியிற் கண்டவர்க்கெல்லாம் இராக்கி கட்டினார். அவனீந்திரரும் உடன் சென்றார். சித்பூர் மசூதியில் இருந்தோர்க்கும் கட்டியதைப் பின்னாளில் அவர் நகைச்சுவையோடு நினைவு கூர்ந்துள்ளார். 1917இல், 1897ஆம் ஆண்டில் எழுந்த 'விசித்திரா' கட்டடத்தில் 'டாக்கர்' நாடகத்தை நடித்தபோது இரவீந்திரரும் ககனேந்திரரும் அவனீந்திரரும் ஒரே மேடையில் ஏறினர். காந்தியடிகளும் திலகரும் அன்னி பெசன்ட் அம்மையாரும் அந்நாடகத்தைக் கண்டவர்கள்.

இலங்கைக்கு 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் வந்தவர் கவியரசர். ஹொறணையிலே ஸ்ரீபாளிக்கு அடிக்கல் நாட்டியது இறுதி வருகையில். அதன்பின் ஏழாண்டுகளில், 1941 யூலை 30ஆந் திகதி, ஜொராசாங்கோ வீட்டு விறாந்தையிலேயே அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆகஸ்ட் 7ஆந் திகதி நண்பகல் கடந்ததும் உயிர் பிரிந்தது.

அந்தப் பத்தாண்டிலேயே ஓவியர் வீடும் முடிந்தது. ஜமீன் வருவாய் சுருங்கிய நிலையில் 5ஆம் இலக்க மாளிகை கைமாறி இடிக்கப்பட்டது. அவனீந்திரர் நகர்ப்புறத்தே பரநகரில் வாழ்ந்து 1951இற் காலமானார். பழைய வீட்டை அரசு காத்தது. கவிஞரின் நூற்றாண்டாகிய 1961இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு இரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் எழுந்தது.

கவிஞர் கண்மூடிய அறையைத் தேடி மக்கள் வந்தமையால் அவ்வீடு பிழைத்தது. ஓவியங்கள் பல இடங்களுக்குப் போய்விட்டமையால், அவை பிறந்த விறாந்தையைத் தேடி எவரும் வரவில்லை போலும். நம்மூரிலும் நாற்சார் வீடொன்று இடிபடும்போது பெரிய மனிதர் எவரேனும் அங்கு வாழ்ந்தாரா என்றே கேட்கின்றோம். அங்கு என்ன நடந்தது என்று கேட்பவர் மிகச் சிலர்.

5ஆம் இலக்கத்தை இன்று காண விரும்புவோர் நூல்களையே நாடல் வேண்டும். அவனீந்திரர் முதுமையிலே இராணி சந்தாவுக்குச் சொல்லி எழுதுவித்த நினைவுகள் உள. அவர் மகளின் மைந்தர் மோகன்லால் கங்கோபாத்தியாயர் எழுதிய நூலும் உண்டு. அதன் பெயர் 'தக்ஷிணேர் பாராந்தா'. தென்புற விறாந்தை என்பது பொருள்.