மாறிலிகள்: கோல் யார் கையில்?

திருவண்ணாமலைத் தலபுராணம் மலையையே யுகத்துக்கு யுகம் மாற்றுகிறது: முதலில் நெருப்பு, பிறகு மாணிக்கம், பொன், கடைசியாகக் கல். ‘விஞ்ஞானம் இன்னிக்குச் சொல்றதை நம்ம முன்னோர் அன்னிக்கே சொல்லிட்டாங்க’ என்று பெருமைப்படுகிறவர்களை இவ்வூரில் தினமும் பார்க்கிறேன். பிரபஞ்ச மாறிலிகள் மாறுகின்றனவா என்ற விவாதத்தின் வரலாறு அவர்களுக்கு உதவாது.

1937இல் டிராக், பிரபஞ்சத்துக்கு வயது ஏற ஏற ஈர்ப்பு தளர்கிறது என்றார். 1948இல் டெல்லர் மறுத்தார்: அப்படியென்றால் அன்றைய சூரியன் மிகக் கடுமையாக எரிந்திருக்கும், சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலே கொதித்திருக்கும். பிரபஞ்சத்தின் வயது பின்னால் கூட்டிக் கணக்கிடப்பட்டபோது இந்த மறுப்பு வலுவிழந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹாயிலும் கோலாப்பூரில் பிறந்த ஜயந்த் நார்லிகரும் ஈர்ப்பு மாறும் மாதிரியொன்றை முன்வைத்தார்கள். 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட கண்ணாடிகளில் லேசரைப் பாய்ச்சி அளந்ததில், மாற்றம் இருந்தாலும் ஆண்டுக்கு லட்சம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது என்றாயிற்று. டிராக் கேட்டது அதைவிடப் பல மடங்கு.

இங்கே அளவுகோல் பற்றிய கேள்வி வருகிறது. சோழர் காலத்தில் நிலமளந்த கோல்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. கோலைக் குறுக்கினால் நிலம் வளராது, ஏட்டில் பரப்பு கூடும், வரியும் கூடும். 1983இல் ஒளிவேகத்தை நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுத்துவிட்டார்கள். மீட்டரே ஒளியிலிருந்து பிறப்பதால் இனி அந்த எண் மாறவே முடியாது. மாறியது பொருளா, கோலா என்ற சந்தேகத்துக்கு இடமில்லாதவை அலகற்ற எண்கள்தாம். அவற்றிலொன்று நுண்கட்டமைப்பு மாறிலி, ஏறத்தாழ 1/137.

1999இல் வெப் குழுவினர், தொலைதூர குவாசார்களின் ஒளியை ஆராய்ந்து, இந்த எண் முன்பு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் குறைவாக இருந்திருக்கலாம் என்றார்கள். நார்லிகர் 1988இல் புனேயில் தொடங்கிய ஆய்வு மையத்தின் ஸ்ரீஆனந்தும் ஹம் சந்தும் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து, சிலியிலுள்ள தொலைநோக்கியின் தரவைக்கொண்டு 2004இல் ‘மாற்றம் தெரியவில்லை’ என்றார்கள். அந்தக் கணக்கில் பிழை வரம்பு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று 2007இல் எதிர்த்தரப்பு கேட்டது. மாற்றம் உண்டென்று இன்றுவரை உறுதியாகவில்லை.

தலபுராணத்திலேயே முடியைக் கண்டேன் என்ற பிரம்மனுக்குத் தாழம்பூ பொய்சாட்சி சொல்கிறது. குறுக்கு விசாரணை செய்ய அங்கே சிவன் வேண்டியிருந்தது. இங்கே எதிர்த்தரப்பே அதே தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் போடுகிறது. ‘என்றும் மாறாதது’ என்று சாதியையும் சடங்கையும் காட்டுகிறவர்களிடமும், ‘எல்லாம் ஏற்கெனவே தெரியும்’ என்கிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்தக் கோலால் அளந்தீர்கள்? அதை எங்கள் கையில் தருவீர்களா?