ஒரு போதகர், ஒரு பள்ளி, ஒரு வரிவிலக்கு

ஜெர்ரி ஃபால்வெல் என்ற அமெரிக்கப் போதகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1979இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு ஜூனில் அவர் 'மாரல் மெஜாரிடி' என்ற அமைப்பை நிறுவினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரொனால்ட் ரீகன் ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடுகிறது. அவரைத் தீர்க்கதரிசி என்கிறவர்களுக்கும் கோமாளி என்கிறவர்களுக்கும் இந்தத் தொடக்கம் ஒரே அளவுக்குச் சௌகரியமாக இருக்கிறது. எனக்கு என்னவோ 1967தான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு அவர் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பின்னால் நாடு முழுவதும் அவர் செலவழித்த செல்வாக்குக்கு முதல் அங்கேதான் போடப்பட்டது என்பது என் எண்ணம். வங்கியில் வேலை பார்ப்பவனுக்குப் பிரசங்கத்தைவிடக் கணக்குப் புத்தகத்தின் மீது நம்பிக்கை அதிகம் என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும்.

1

ஃபால்வெல் 1933இல் லிஞ்ச்பர்க்கில் பிறந்தவர். தகப்பனார் வியாபாரி, மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயமும் விற்றவர். 1931இல் சொந்தத் தம்பியைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று விடுதலையானாலும் அந்தக் குற்றவுணர்விலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. குடித்தே 1948இல் செத்தார். தாயார் பக்தை. ஞாயிறு காலையில் வானொலிப் பிரசங்கத்தை வீடு முழுக்கக் கேட்கும்படி உரக்க வைப்பவர். 1952இல் மகன் மனம் மாறினார். மிசௌரி மாநிலத்தில் பைபிள் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு 1956இல் ஊர் திரும்பி 35 பேரோடு தாமஸ் ரோடு பாப்டிஸ்ட் சபையை ஆரம்பித்தார். சபை கூடியது, முன்பு 'டொனால்ட் டக்' குளிர்பானம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்தில். தரையில் சிந்திய பானத்தின் பிசுபிசுப்பு காலில் ஒட்டியதாம். அதே ஆண்டில் வானொலி. அதே ஆண்டில் தொலைக்காட்சி. நாளுக்கு நூறு வீடு என்று கதவு கதவாகத் தட்டியவர் அவர். இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் அவரை வெறும் தொலைக்காட்சிப் பிறவியாகப் பார்ப்பது சோம்பேறித்தனம்.

அவருடைய சபை சுயேச்சையான பாப்டிஸ்ட் சபை. மேலே பிஷப் இல்லை. சபைகளின் மகாசபை இல்லை. கேள்வி கேட்க யாரும் கிடையாது. பணம் கொடுத்துத் தாங்கவும் யாரும் கிடையாது. இந்த இரண்டாவது விஷயத்தை நாம் சாதாரணமாக மறந்துவிடுகிறோம். சுயேச்சைப் போதகர் தினமும் கூட்டத்தைத் தேடியாக வேண்டும். கூட்டம் எதற்குப் பயப்படுகிறது என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும்.

2

அந்தக் கூட்டம் அப்போது எதற்குப் பயந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1954இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் ஒன்று, லிஞ்ச்பர்க்குக்குக் கிழக்கே சுமார் 50 மைலில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியிலிருந்து போனது. அங்கே 1951இல் கறுப்பு மாணவர்கள் தங்கள் பள்ளியின் கேவலமான நிலையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வேலைநிறுத்தமே வழக்காக மாறியது. தீர்ப்புக்கு அந்தக் கவுண்டி செய்த பதில் உலகம் அதிகம் கேட்டிராத ஒன்று. கறுப்புக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி முளைத்தது. கறுப்புக் குழந்தைகளில் பலருக்கு ஐந்து வருஷம் பள்ளிக்கூடமே இல்லை.

லிஞ்ச்பர்க் அவ்வளவு தூரம் போகவில்லை. 1962 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவின் பேரில் இரண்டு கறுப்பு மாணவர்கள் நகரத்தின் வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்கள். மாற்றம் சொட்டுச் சொட்டாக வந்தது. 1960களின் பின்பகுதியில் மத்திய அரசும் நீதிமன்றங்களும் பொறுமை இழந்தன. 1968இல் வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டி வழக்கில், 'விருப்பப்பட்ட பள்ளியில் சேரலாம்' என்ற தந்திரத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்க மறுத்தது.

இந்த இடைவெளியில்தான், 1967இல், லிஞ்ச்பர்க் கிறிஸ்டியன் அகாடமி திறக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகை அதை வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி என்றே வர்ணித்தது. ஃபால்வெல் சொன்ன காரணம் வேறு. பள்ளிகள் நடத்தும் ஜெபத்தை 1962இலும், பாடவேளையில் பைபிள் ஓதுவதை 1963இலும் சுப்ரீம் கோர்ட் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றிவிட்டது. கடவுள் இல்லாத பள்ளிக்கு எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்பது அவர் கேள்வி. அவருடைய மூத்த மகனுக்கு அப்போது வயது ஐந்து.

இந்தக் காரணத்தைப் பொய் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. உலகத்திலிருந்து பிரிந்து நிற்பது என்பது அடிப்படைவாதக் கிறிஸ்தவத்தின் பழைய தத்துவம். சினிமா, நடனம், குடி, நவீன இறையியல் எல்லாவற்றிலிருந்தும் பிரிந்து நிற்கப் பழகியவர்கள் அவர்கள். 1971இல் ஃபால்வெல் தொடங்கிய கல்லூரியில் பையன்களின் தலைமுடி காதைத் தொடக்கூடாது என்றுகூட விதி இருந்தது. அந்தப் பிரிவு நிறப்பிரிவினைக்கு முன்பே உண்டு. ஆனால் இதே போதகர் 1958இல் நிறக்கலப்புக்கு எதிராகப் பிரசங்கம் செய்திருக்கிறார். சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கடவுளின் சித்தம் அறிந்தவர்களாயிருந்தால் 1954 தீர்ப்பைச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது அதன் சாரம். ஆக, 1967இல் எழும்பிய சுவர் ஒன்றுதான். அது பிரித்தவை இரண்டு. பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர் தாங்கள் எதற்காக வந்தோம் என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தனியார் பள்ளி அவர்களுக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பைபிள், அதே வர்ஜீனியா. ஆனால் ரிச்மண்டின் கத்தோலிக்க பிஷப் பீட்டர் அயர்ட்டன் தன் மறைமாவட்டப் பள்ளிகளில் கறுப்பர்களைச் சேர்க்கப்போவதாக 1954லேயே அறிவித்துவிட்டார். அவருக்கு மேலே ஒரு ஸ்தாபனம் இருந்தது. கூட்டம் குறைந்தாலும் தாங்கும். ஸ்தாபனத்தை வெறுக்கிற நமக்கு இது கொஞ்சம் சங்கடமான தகவல்.

ஃபால்வெல்லின் சபை 1968இல் முதன்முதலாகக் கறுப்பர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது. 1969இல் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எண்ணிக்கை சொற்பம், கதவு திறந்தது உண்மை.

3

1965 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவில் மார்ட்டின் லூதர் கிங் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட நாள். பாதயாத்திரையில் போதகர்கள் பலர் இருந்தார்கள். அன்று லிஞ்ச்பர்க்கில் ஃபால்வெல் செய்த பிரசங்கத்தின் பொருள்: போதகனின் வேலை ஆத்துமாக்களை இரட்சிப்பது, அரசியல் அல்ல. பதினான்கு வருஷம் கழித்து அதே மனிதர் போதகர்களை அரசியலுக்குத் திரட்டுகிறார். நடுவில் என்ன நடந்தது?

அவரும் அவர் இயக்கமும் சொல்லும் பதில்: 1973இல் கருக்கலைப்பை சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது, மனச்சாட்சி பொறுக்கவில்லை. இந்தப் பதிலில் வருஷங்கள் ஒத்துப்போகவில்லை. கருக்கலைப்பைப் பற்றி அவர் முதல் பிரசங்கம் செய்தது 1978இல், தீர்ப்பு வந்து ஐந்து வருஷம் கழித்து. 1971இல் தென்பிராந்திய பாப்டிஸ்ட் மகாசபையே, சில சந்தர்ப்பங்களில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தரலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது.

கணக்குப் புத்தகம் வேறொன்றைக் காட்டுகிறது. அமெரிக்காவில் தர்ம காரியத்துக்கான ஸ்தாபனம் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அதற்கு நன்கொடை தருகிறவரும் அந்தத் தொகையைத் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதாவது ஒவ்வொரு நன்கொடையிலும் ஒரு பங்கை, கண்ணுக்குத் தெரியாமல், அரசாங்கம் போடுகிறது. மிஸிஸிப்பியில் கறுப்புப் பெற்றோர் சிலர் இதைத்தான் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளிக்கு எங்கள் வரிப்பணத்தில் எதற்குப் பங்கு? 1971இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நிறப்பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் விலக்கை இழந்தது. 1978 ஆகஸ்டில் வரித்துறை இன்னும் ஒரு படி போனது. உள்ளூர் அரசுப் பள்ளிகளில் கலப்பு நடந்த காலத்தில் தொடங்கிய அல்லது பெருகிய தனியார் பள்ளியில், அந்த ஊரின் பள்ளி வயதுச் சிறுபான்மையினர் விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால், பாகுபாடு காட்டவில்லை என்று அந்தப் பள்ளிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு விதியை முன்மொழிந்தது.

கணக்கு எளிது. 1967இல் லிஞ்ச்பர்க்கில் தொடங்கிய பள்ளி எந்தப் பட்டியலில் வரும் என்று யோசிக்க வக்கீல் வேண்டியதில்லை. நாடெங்கும் கிறிஸ்தவப் பள்ளிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் போயின. 1979இல் காங்கிரஸ் அந்த விதிக்குப் பணம் ஒதுக்கத் தடை போட்டது. கடிதம் எழுதியவர்கள் தங்கள் பலத்தைக் கண்டுகொண்டார்கள். 'மாரல் மெஜாரிடி' உருவாகக் காரணமான அரசியல் அமைப்பாளர் பால் வெய்ரிச் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார்: போதகர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கருக்கலைப்பும் அல்ல, ஜெபமும் அல்ல, பள்ளிகளின் மீது கைவைத்த வரித்துறைதான். வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மறுப்பவர்களும் உண்டு. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம், ஓரினச் சேர்க்கையாளர் உரிமை ஆகியவற்றை எதிர்த்த கிளர்ச்சிகள் அதற்கு முன்பே நடந்தன என்கிறார்கள். 1977இல் ஃபுளோரிடாவில் அப்படியொரு கிளர்ச்சியில் ஃபால்வெல்லே மேடையேறினார். அதுவும் சரி. கோபங்கள் பல இருந்தன. அவற்றைக் கட்டிச் சேர்த்த கயிறு பள்ளிக்கூடம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஃபால்வெல்லுக்கு அரசாங்கத்தின் கை என்றால் என்ன என்று ஏற்கனவே தெரியும். 1973இல் அவர் சபை விற்ற 66 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்காக மத்திய அரசின் பத்திரக் கண்காணிப்புக் கமிஷன் வழக்குப் போட்டது. வேண்டுமென்று செய்த மோசடி இல்லை என்று நீதிபதி தீர்த்தார். ஆனால் நிதி நிர்வாகம் ஊர் வியாபாரிகள் ஐந்து பேர் கொண்ட குழுவின் கைக்குப் போனது. இப்படியான பத்திரங்களைத் தினமும் கையாளும் எனக்கு, நம்பிக்கையின் பேரில் கடன் வாங்குகிறவனின் தூக்கமின்மை புரிகிறது. அவர் பயந்தது முழுக்க நடிப்பல்ல.

4

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1982 ஜனவரியில் ரீகன் அரசு பாப் ஜோன்ஸுக்கு எதிரான நிலையைக் கைவிட முயன்று கூச்சலில் பின்வாங்கியது. 1983இல் சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்த்தது. 'மாரல் மெஜாரிடி' 1989இல் கலைக்கப்பட்டது. ஃபால்வெல் 2007 மே 15 அன்று, தான் நிறுவிய பல்கலைக்கழகத்தின் அலுவலக அறையில் இறந்தார்.

அறிவாளிகள் இவர்களைச் சிரித்தே தீர்த்துவிடலாம் என்று 1925இலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்கள். டெனிஸி மாநிலத்தின் டேட்டன் ஊரில் பரிணாமத்தைப் போதித்த ஆசிரியர் மீது நடந்த வழக்கில் எச்.எல். மென்கன் எழுதிய கேலியோடு அடிப்படைவாதம் செத்தது என்பது படித்தவர்களின் முடிவு. செத்ததாகச் சொல்லப்பட்ட ஐம்பது வருஷத்தில் அவர்கள் பைபிள் கல்லூரி கட்டினார்கள், வானொலி நிலையம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். கேலி எழுதியவர்கள் கேலியை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தார்கள். 'சுயேச்சை' என்ற வார்த்தையை நாமும் சிறுபத்திரிகை அட்டையில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். யாரிடமிருந்து சுயேச்சை, யார் செலவில், கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று அந்த வார்த்தையைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கும் இல்லை.

1980இல் ஃபால்வெல் தன்னுடைய 1965 பிரசங்கத்தைத் தானே பொய்த் தீர்க்கதரிசனம் என்று தள்ளினார். 1987இல் வெளியான சுயசரிதையில், தான் நிறப்பிரிவினையில் வளர்ந்தவன் என்பதை ஒப்புக்கொள்கிறார். வாராவாரம் தனக்குக் காலணி துடைத்த கறுப்பு முதியவர், உங்கள் சபையில் நான் எப்போது சேரலாம் என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறார். அந்த இடத்தில் ஒரு மனிதனின் குரல் கேட்கிறது. ஆனால் பள்ளியின் தொடக்கத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதில் மட்டும் கடைசிவரை அசையவில்லை. பிரசங்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வாக்கியம் போதும். பள்ளியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.